பன்னிரண்டு எம்எம் பலகை

என் கணவரின் இடுப்பு பிடித்துக்கொண்டபோது காலை பத்து மணி இருக்கும். அவர் திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்தார். நான் விழுப்புரத்தில், காணை போகிற சாலையை ஒட்டிய எங்கள் வீட்டில், ஒரு ரவிக்கைத் துணிக்குக் கழுத்து வெட்டிக்கொண்டிருந்தேன். வண்டி ஓட்டுகிற தம்பி போன் செய்தார்.

“அக்கா, அண்ணன் பாக்ஸ எறக்கும்போது அப்படியே குந்திக்கினாரு. எழுந்துக்க முடியல. நீங்க பயப்படாதீங்க, ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறேன்.”

கத்தரியைத் துணியிலேயே விட்டுவிட்டுப் பஸ் ஏறினேன்.

முதுகெலும்பின் அடியில் ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார் டாக்டர். ஆபரேஷன் வேண்டியதில்லை, ஆனால் இரண்டு மாதம் படுத்தே இருக்க வேண்டும், எழுந்த பிறகும் கனம் தூக்கவே கூடாது.

“கனம்னா எவ்ளோ சார்?” என்று கேட்டார் என் கணவர்.

“ஒரு கொடம் தண்ணிகூட வேணாம்.”

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவர் செய்துவந்தது சவுண்ட் சர்வீஸ். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் எங்கே விசேஷம் என்றாலும் குட்டியானை வண்டியில் மைக்செட்டை ஏற்றிக்கொண்டு போவார். அந்த செட்டின் உயிர், அடிநாதத்தை முழக்குகிற இரண்டு பேஸ் பாக்ஸ்கள். ஒவ்வொன்றிலும் பதினைந்து இன்ச் ஸ்பீக்கர் இரண்டு. பெட்டி முழுவதும் இருபத்தைந்து எம்எம் எம்டிஎஃப் பலகை. மரத்தை நாராக அரைத்து, பசை சேர்த்து, அழுத்திச் செய்கிற பலகை அது. வழவழவென்று இருக்கும், எங்கே வெட்டினாலும் ஒரே சீராக இருக்கும், கல்லைப் போலக் கனக்கும். ஸ்பீக்கரோடு சேர்த்து ஒரு பெட்டி அறுபது கிலோவுக்கு மேல். அந்தக் கனத்தில் அவருக்கு ஒரு பெருமையும் இருந்தது. “பொட்டி அசையாம நின்னாத்தான் பேஸ் நெஞ்சுல வந்து இடிக்கும்” என்பார். கடைசியில் அது இடித்தது அவர் இடுப்பில்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த வாரம் என் கொழுந்தனாரும் அவர் மனைவியும் பார்க்க வந்தார்கள். கொழுந்தனார் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

“அண்ணே, செட்ட வித்துடு. இனிமே ஒன்னால முடியாது. அண்ணிக்குத் தையல் இருக்குது, அது போதும்.”

என் கணவர் கூரையைப் பார்த்துக்கொண்டு, “அதான் நானும் நெனச்சிக்கினு இருக்கறேன்” என்றார்.

எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. “நான் போறேன்” என்றேன்.

“எங்க போற?”

“விசேஷத்துக்கு. மிக்சர்ல எந்தத் திருகு எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? பதினஞ்சு வருஷமா வாசல்லயே வச்சித்தான டெஸ்ட் பண்றீங்க?”

பொய் இல்லை. அவர் டெஸ்ட் பண்ணும்போதெல்லாம் நான் தையல் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்து நிற்பேன். சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று நிறுத்தியதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த பேஸ் பிடிக்கும். காலடியில் தரை லேசாக அதிருவது பிடிக்கும். அதை யாரிடமும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

என் ஓரகத்தி, கொழுந்தனார் மனைவி, என்னைவிட ஆறு வயது சின்னவள். செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் இருந்தவள். “அக்கா போனா நானும் கூடப் போறேன்” என்றாள். அவள் புருஷன் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

அன்று மாலையே நாங்கள் இருவரும் ஒரு பெட்டியை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துத் தூக்கிப் பார்த்தோம். கணுக்கால் உயரம் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. வண்டியின் தட்டு என் இடுப்புக்கும் மேலே. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மூச்சு வாங்க நின்றோம். எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. இனிமேல் எங்கள் கைகளில் பலம் ஏறப்போவதில்லை. பெட்டியின் கனம்தான் இறங்க வேண்டும். ஸ்பீக்கர் அதேதான் இருக்கட்டும், பலகையை மாற்றினால் போதும்.

என் கணவரிடம் சொன்னேன். “லேசான பொட்டி லொடலொடன்னு கத்தும். தகர டப்பால போட்டு ஆட்டறாப்பல இருக்கும்” என்றார்.

“செஞ்சி பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க.”

முதலில் நான் தேர்ந்தெடுத்த பலகை எது என்று சொல்ல இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. விழுப்புரத்தில் ஒரு கடையில், குளியலறைக் கதவுக்குப் போடுகிற பிவிசி ஷீட்டைக் காட்டினார்கள். தண்ணீர் பட்டால் ஊறாது, கரையான் வராது, ஒற்றைக் கையில் தூக்கலாம். எங்கள் தெருவில் அந்த ஷீட்டில் கப்போர்டு அடித்துத் தருகிறவர் இரண்டு நாளில் ஒரு பெட்டி செய்து கொடுத்தார். பழைய பெட்டி ஒன்றிலிருந்து ஸ்பீக்கர் இரண்டையும் கழற்றி அதில் பொருத்தினேன். கருப்புப் பெயின்ட் அடித்தேன். வீட்டுக்குள் வைத்துப் போட்டுப் பார்த்ததில் சத்தம் சுமாராகத்தான் இருந்தது. ஆனால் நானும் ஓரகத்தியும் பேசிச் சிரித்துக்கொண்டே அதைத் தூக்கி வண்டியில் வைத்தோம். அந்த சந்தோஷத்தில் மற்றதெல்லாம் எனக்குச் சின்னதாகத் தெரிந்தது.

முதல் விசேஷம் காணைக்கு அப்பால் ஒரு கிராமத்தில் வளைகாப்பு. சித்திரை வெயில். பந்தலுக்குள் இடம் இல்லாததால் பெட்டியை வெளியே, வெயிலில் வைத்திருந்தோம். பதினோரு மணி வரைக்கும் நன்றாகத்தான் போனது. அதற்குப் பிறகு பாட்டுக்குள் ‘டர்ர்’ என்று ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. முதலில் ஒயர் என்று நினைத்து ஒயரை மாற்றினேன். பிறகு பெட்டியைத் தொட்டேன். தோசைக்கல் மாதிரி சுட்டது. முன்பலகை நடுவில் வயிறு போலப் புடைத்திருந்தது. சூட்டில் ஷீட் இளகி, திருகாணிகள் பிடிப்பு விட்டுச் சாய்ந்து, ஸ்பீக்கர் தன் கனத்தாலேயே முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளங்கையால் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். ஓரகத்தி ஓடிப்போய் மிக்சரை அணைத்தாள்.

பந்தலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வளையல் தட்டை மடியில் வைத்திருந்த ஒரு பெரியம்மா, “ஏம்மா, ரேடியோ பொட்டிக்கு இன்னா ஆச்சு, அதுக்கும் வலி எடுத்துக்கிச்சா?” என்றார். சிரிப்பு அடங்க நேரமானது. கர்ப்பிணிப் பெண்ணும் சிரித்தாள். பிறகு பெண்களே பாட ஆரம்பித்துவிட்டார்கள். மைக்கே இல்லாமல் வளைகாப்பு நன்றாக நடந்து முடிந்தது. நாங்கள் வெயிலில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம்.

வீட்டுக்கு வந்து நடந்ததை மறைக்காமல் சொன்னேன். “நான் சொன்னேன் இல்ல” என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. “ரொம்பப் பேஜாராப் போச்சு. விட்டுடு. ஒன்ன நாலு பேர் பாத்துச் சிரிக்கறது எனக்கு வேணாம்” என்றார்.

“ஷீட்டுதான் சரியில்ல. வேற ஷீட்டு பாக்கறேன்.”

மறுநாள் காலை பிளைவுட் கடைக்குப் போனேன். முதலாளி என்னை உட்காரச் சொல்லி, இருப்பதிலேயே உயர்ந்தது என்று ஒரு மரைன் பிளைவுட்டைக் காட்டினார். படகுக்கே போடலாம் என்றார். ஒரு முனையை மட்டும் தூக்கிப் பார்த்தேன். எம்டிஎஃப் அளவுக்கே கனம்.

“லேசா இருக்கணும், ஆனா வெயில்ல இளகக் கூடாது, ஸ்க்ரூ புடிக்கணும்” என்றேன்.

“ம்மா, லேசா இருந்தா ஸ்ட்ராங்கு இருக்காது. ஸ்ட்ராங்கா இருந்தா லேசா இருக்காது. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.”

வெளியே வந்தேன். வாசலில் லோடு இறக்குகிற ஒருவர் தலைமேல் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு எட்டுக்கு நாலு அடி ஷீட் ஒன்றைத் தனியாளாக எடுத்துப் போனார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். அதற்கு முன்பு இரண்டு பேராகச் சேர்ந்து ஒரு ஷீட்டைத் தூக்கிப் போனதைப் பார்த்திருந்தேன். இரண்டும் ஒரே தடிமனுள்ள பலகையாகத்தான் தெரிந்தது. அவர் திரும்பி வந்ததும் கேட்டேன்.

“அத ஏன் ரெண்டு பேரு தூக்கினீங்க, இத ஏன் நீங்களே தூக்கிக்கினு போறீங்க?”

அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். “அது வேற மரம்க்கா. இது மலைவேம்பு. நம்ம ஜில்லாவுலயே நட்டு வளக்கறாங்க இல்ல, அந்த மரத்த உரிச்சிச் செய்யறது. தூக்கற எனக்குத்தான தெரியும் எது லேசுன்னு.”

ஸ்பீக்கர் பெட்டிக்கு என்று சொன்னதும் அவருக்கு ஆர்வம் வந்துவிட்டது. வானூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவர். அவர் ஊரில் பந்தல் போடுகிற வீட்டுக்கெல்லாம் பாட்டுக் கேட்கப் போய்விடுவாராம். “லேசு மட்டும் பாக்காதீங்க. உள்ள ஓட்ட இருக்கும்” என்று சொல்லிவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து ஷீட்டின் மேல் வரிசையாகத் தட்டிக்கொண்டே போனார். டக், டக், டக் என்று வந்துகொண்டிருந்த சத்தம் ஓர் இடத்தில் ‘டொக்’ என்று குழிந்தது. “இங்க உள் பட்டை சேரல. காலி. பாட்டு போட்டா இந்த எடம் கத்தும்.” பத்து ஷீட்டைத் தட்டி மூன்றைத் தள்ளி வைத்தார். மீதி ஏழு ஷீட்டையும் நானே இன்னொரு முறை தட்டிப் பார்த்தேன். அவர் தேர்ந்தெடுத்ததில் தப்பில்லை.

உடனே ஷீட் வாங்கவில்லை. ஒரு முறை பட்டது போதும். அந்தக் கடையிலும் இன்னும் இரண்டு கடைகளிலும் வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் கேட்டு வாங்கித் தையல் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். எல்லாவற்றையும் ஓரடிச் சதுரமாக அறுக்கச் செய்தேன். பக்கத்து மளிகைக் கடைத் தராசில் ஒவ்வொன்றாக எடை போட்டேன். கடைக்காரர் “இதுல எத ஆக்கித் தின்னப் போறீங்க?” என்று கேட்டார். எங்கள் பழைய பெட்டியின் எம்டிஎஃப் துண்டு ஒன்றே முக்கால் கிலோ. பன்னிரண்டு எம்எம் மலைவேம்பு அறுநூறு கிராம்.

பிறகு ஒவ்வொரு துண்டிலும் பாதியை வெட்டித் தண்ணீர் வாளியில் மூன்று நாள் போட்டேன். மீதிப் பாதியை மொட்டை மாடி வெயிலில் வைத்தேன். பார்ட்டிகிள் போர்டு மறுநாளே டீயில் விழுந்த ரஸ்க் மாதிரி உப்பிவிட்டது. மட்டமான பிளைவுட் ஒன்று புத்தகம் போலப் பிரிந்தது. மலைவேம்பில் ஒரு துண்டு ஓரத்தில் லேசாக வாய் பிளந்தது. அதே மரத்தில் கொஞ்சம் உயர்ந்த ரகம் ஒன்றும் ஆகாமல் நின்றது, வெயிலிலும் வளையவில்லை. காய்ந்தபின் எல்லாவற்றிலும் திருகாணியை ஏற்றி, கழற்றி, மறுபடி ஏற்றிப் பார்த்தேன். எது பிடிப்பு விடுகிறது, எது பிடிக்கிறது என்பது மணிக்கட்டுக்குத் தெரிந்தது. பிளவுஸ் கொக்கி தைத்த துணி தாங்குமா கிழியுமா என்று இழுத்துப் பார்த்தே பழகிய கை இது.

இந்த நாட்களில் என் கணவர் நடு அறையில் பாயில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. நானாகச் சொன்னால் “ம்” என்பார்.

மிச்சமிருந்த பழைய பெட்டியைப் பிரித்த அன்றுதான் அவர் வாயைத் திறந்தார். ஸ்பீக்கர்களைக் கழற்றி எடுத்துவிட்டுப் பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்தேன். அடிப்பலகையின் மூலையில் விரல் வைத்ததும் பொலபொலவென்று தூள் கொட்டியது. மண்டப வாசல்களில், மழை ஈரத்தில் நின்று நின்று அடிப்பக்கம் முழுக்க ஊறிப் புடைத்திருந்தது. நான்கு திருகாணிகளைக் கையாலேயே உருவிவிட்டேன். ஒரு பிடி தூளை அள்ளிக்கொண்டு போய் அவரிடம் காட்டினேன்.

அவர் அதை உள்ளங்கையில் வாங்கி விரலால் தேய்த்துப் பார்த்தார். “இதப் போயா நான் நம்பிக்கினு இருந்தேன்” என்றார் கடைசியில். பிறகு, “அந்த வேம்புத் துண்ட எடுத்தா பாக்கலாம்” என்றார்.

துண்டை வாங்கித் தட்டிப் பார்த்தார். “மெல்லிசு. நடுவுல ஆடும். குறுக்க கட்ட குடுக்கணும். ஆனா எங்கன்னுதான் தெரியணும்.”

எங்கே என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழி தோன்றியது. முதலில் காலி செய்த பழைய பெட்டியின் ஒரு பக்கத்தைக் கழற்றி, அந்த அளவுக்கு மட்டும் வாங்கிவந்த பன்னிரண்டு எம்எம் மலைவேம்புப் பலகையை அங்கே திருகி, பெட்டியைப் படுக்கவைத்து, உள்ளே ஸ்பீக்கரை மாட்டி, போனிலிருந்து ஒரே ஒரு தாழ்ந்த ஓசையை மட்டும் ஆம்ப்ளிஃபயர் வழியாக விட்டேன். பலகையின் மேல் ஒரு கை கேப்பையைத் தூவினேன். ஓசையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனபோது கேப்பை ஓர் இடத்தில் துள்ள ஆரம்பித்தது. துள்ளித் துள்ளி நடுவைக் காலி செய்துவிட்டு ஓரங்களுக்கு ஓடியது. காலியான இடம்தான் ஆடுகிற இடம். அதைச் சுற்றித் தையல் சாக்பீஸால் கோடு போட்டேன்.

அவரால் எழுந்து வந்து பார்க்க முடியாது. ஆனால் தரையில் படுத்திருந்ததால் அதிர்வு முதுகு வழியாக அவருக்குப் போயிருக்கிறது. உள்ளேயிருந்து குரல் வந்தது.

“இப்பக் கத்துது பாரு. நிறுத்து. அதே எடத்துல நிறுத்து.”

“கேப்பை நடுவுல நிக்கவே மாட்டேங்குது.”

“ரீப்பர் கட்ட ஒண்ணு குறுக்க வையி. சரி நடுவுல வைக்காத. கொஞ்சம் தள்ளி வையி. நடுவுல வச்சா ரெண்டு பக்கமும் ஒண்ணா சேந்து கத்தும்.”

வைத்தேன். மறுபடி தூவினேன். கேப்பை இரண்டு சின்னத் திட்டுகளில் மட்டும் துள்ளியது. அவர் “ம்ஹூம், இன்னும் கேக்குது” என்றார். கட்டையை மாற்றினேன். பக்கவாட்டுப் பலகைகள் இரண்டையும் இணைத்து நடுவே இன்னொரு கட்டை கொடுத்தேன். நான்கு நாள் மத்தியானம் இதே வேலை. எதிர்வீட்டு அம்மா வந்து, “இன்னாம்மா, வண்டு கொடையற மாதிரி ஒரு சத்தம் காதுலயே நிக்குது” என்று சண்டை போட்டார். அவர் வீட்டு மூன்று ரவிக்கைகளை முதலில் தைத்துக் கொடுத்துச் சமாதானம் செய்தேன். ஐந்தாம் நாள் அதே ஓசைகளை வரிசையாகக் கொடுத்தபோது கேப்பை தூவின இடத்திலேயே கிடந்தது.

“இப்ப?” என்றேன்.

“இப்ப எதுவும் பேசல” என்றார். பிறகு சிரித்தார். இடுப்பு பிடித்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அவர் சொல்லச் சொல்ல அளவு எழுதினேன். செய்தித்தாளில் எட்டுக்கு நாலு ஷீட்டைச் சின்ன அளவில் வரைந்து, பெட்டியின் ஒவ்வொரு பக்கத்தையும் காகிதமாக வெட்டி அதில் பொருத்தினேன். துணியில் முன்பக்கம், பின்பக்கம், கை என்று வைத்து வெட்டுவது போலத்தான். ஒரு மூலைக்குக்கூடப் பலகை பற்றாமல் போகாதபடி நான்கு முறை மாற்றி அடுக்கினேன். அதை எடுத்துக்கொண்டு திண்டிவனத்துக்கு, எங்கள் பழைய பெட்டிகளைச் செய்த ஆசாரியிடம் போனேன். பெட்டி வேலையில் அந்தப் பக்கம் அவரை அடிக்க ஆள் இல்லை.

காகிதத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

“பன்னண்டு எம்எம்மா? தங்கச்சி, இது சாமி படம் மாட்டற ஸ்டாண்டு இல்ல. பேஸ் பாக்ஸ். கொறஞ்சது பதினெட்டு வேணும்.”

“பதினெட்டுல செஞ்சா நாங்க ரெண்டு பேரும் தூக்க முடியாதுண்ணா.”

“ஆள் வச்சித் தூக்குங்க.”

“அவரும் ஆள் வச்சித்தான் தூக்கினாரு. அப்படியும் ஜவ்வு பிதுங்கிக்கிச்சு.”

கூடவே எடுத்துப் போயிருந்த சாக்பீஸ் கோடு போட்ட பலகையை அவர் மேசைமேல் வைத்து, கட்டை எங்கே வருகிறது, ஏன் நடுவில் இல்லை என்று சொன்னேன். அவர் விரல் மூட்டால் தட்டினார். கட்டை உள்ள இடம், இல்லாத இடம், ஓரம் எல்லாம் தட்டிப் பார்த்தார். நீரில் ஊறவைத்த துண்டையும் காட்டினேன். பழைய பெட்டியின் தூள் பற்றியும் சொல்லிவிட்டேன்.

“மழைல நிக்க வச்சா நான் இன்னாம்மா பண்ணட்டும்?” என்றார், குரல் கொஞ்சம் இறங்கி.

“உங்கள குத்தம் சொல்லலண்ணா. இது மழைல நின்னாலும் தாங்கணும், அவ்வளவுதான்.”

“செஞ்சி தர்றேன். ஆனா நல்லா இல்லன்னா யாரு செஞ்சதுன்னு எவன்கிட்டயும் சொல்லக் கூடாது.”

“சொல்ல மாட்டேன்.”

ஷீட்டை நானே தட்டித் தேர்ந்தெடுத்துக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுத்தேன். வேலை நடந்த மூன்று நாளும் அங்கேயே இருந்தேன். முதல் நாள் அவருக்கு அது பிடிக்கவில்லை. இரண்டாம் நாள் பசை தடவ ஆள் வராததால் என்னிடம் தூரிகையைக் கொடுத்தார். மூட்டுக்கு மூட்டு இடைவெளி இல்லாமல் தடவினேன். “தையக்காரங்க கை” என்று மட்டும் சொன்னார்.

கைப்பிடிக்குத் துளை போடும்போது எங்களுக்குள் ஒரு சின்னச் சண்டை வந்தது. அவர் வழக்கம்போல மேலே குறித்தார். அவர் உயரத்துக்கு அது சரி. நானும் ஓரகத்தியும் ஐந்தடியைத் தாண்டாதவர்கள். அங்கே பிடித்தால் தோளில்தான் கனம் விழும். நான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கையைத் தொங்கவிட்டு, விரல் முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே கோடு போட்டேன். அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டே அங்கே துளைத்தார்.

இரண்டு பெட்டியும் முடிந்ததும் ஸ்பீக்கரைப் பொருத்தி எடை பார்த்தோம். ஒரு பெட்டி முப்பத்தாறு கிலோ. ஆளுக்குப் பதினெட்டு. வண்டியில் ஏற்ற வந்திருந்த ஓரகத்தி, “சூளைல நான் தலைல வச்சதுல இது பாதி இருக்காதுக்கா” என்றாள்.

ஆனியில் வளவனூரில் ஒரு காதுகுத்து. வீட்டு வாசலில் சாமியானா. நாங்கள் காலை ஏழு மணிக்கே போய் இறங்கினோம். பெட்டியை இறக்கும்போது தெருவில் நாலைந்து ஆண்கள் உதவிக்கு எழுந்து வந்தார்கள். ஓரகத்தி “வேணாங்க, நாங்களே பாத்துக்கறோம்” என்றாள். இறக்கி வைத்துவிட்டோம். எழுந்தவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் ஒயர் சுருளையாவது தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

முதல் பாட்டைப் போட்டேன். பேஸ் வந்தது. சுத்தமாக வந்தது. எந்தப் பலகையும் கத்தவில்லை. ஆனால் பழைய பெட்டியில் அடிமட்டத்தில் ஒரு முழக்கம் இருக்குமே, அது கொஞ்சம் குறைவாக இருந்தது. திறந்த வெளியில் அது நன்றாகத் தெரிந்தது. போனில் கணவரிடம் சொன்னேன். பாட்டைப் போட்டுப் போனைப் பிடித்தேன்.

“போன்ல எனக்கு பேஸ் எப்படிக் கேக்கும்?” என்றார். “பொட்டிக்குப் பின்னால இன்னா இருக்குது?”

“ஒண்ணுமில்ல. தெரு.”

“செவுரு எங்க?”

“வீட்டுச் செவுரு பத்தடி தள்ளி.”

“ரெண்டையும் செவுத்து மூலைக்குத் தள்ளு. ஒட்டி வையி. ஜல்தி.”

முன்பு அவர் பெட்டியை ஒருமுறை வைத்தால் யாரும் அதை நகர்த்த மாட்டார்கள், நகர்த்தவும் முடியாது. நாங்கள் இரண்டே நிமிஷத்தில் இரண்டையும் தூக்கிக்கொண்டு போய்ச் சுவர் மூலையில் வைத்தோம். பாட்டைப் போட்டேன். செருப்புக்கு அடியில் மண் அதிர்ந்தது. ஓரகத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

காது குத்தும்போது பாட்டை நிறுத்தினோம். குழந்தை வீறிட்டது. உடனே மேளப் பாட்டைப் போடச் சொன்னார்கள். போட்டதும் தாய்மாமன் மடியில் குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுப் பெட்டி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தது. பெட்டியின் மேல் யாரோ வைத்த தண்ணீர் டம்ளர் இருந்தது. தண்ணீர் மட்டும் நடுங்கியது, டம்ளர் நகரவில்லை. அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, வாசல் பக்கம் வந்து மிக்சருக்கு முன்னால் உட்கார்ந்தேன். மத்தியானம் தூறல் போட்டது. நான் தார்ப்பாயைத் தேடி ஓடவில்லை. பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு நின்றேன்.

திரும்பி வந்து பெட்டியை வண்டியிலிருந்து இறக்கும்போது கை நழுவி ஒரு மூலை சிமெண்ட் தரையில் இடித்தது. பன்னிரண்டு எம்எம் ஓரம் அரை இன்ச் நசுங்கிப் போனது. கனத்த பலகையாக இருந்தால் அவ்வளவு நசுங்கியிருக்காது. என் கணவர் அப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தார். மெதுவாக வாசலுக்கு வந்து, குனிய முடியாததால் கால் விரலால் அந்த மூலையைத் தொட்டுப் பார்த்தார்.

“இதுக்கு இன்னா பண்ணப்போற?”

“எட்டு மூலைக்கும் இரும்புக் கவசம் போடறேன். எடை அரைக் கிலோதான் கூடும். நாளைக்கே திண்டிவனம் போறேன்.”

“நானும் வர்றேன்” என்றார். “பஸ்ல நின்னுக்கினே வர்றேன். உக்காந்தாத்தான் வலிக்குது.”

மறுநாள் இருவரும் போனோம். விக்கிரவாண்டி தாண்டும்வரை கம்பியைப் பிடித்து நின்றபடி, அடுத்து, பேஸ் பாக்ஸின் மேலே வைக்கிற சின்னப் பெட்டிகளுக்குப் பன்னிரண்டு எம்எம்மா ஒன்பதா என்று என்னோடு வாதாடிக்கொண்டே வந்தார். ஒன்பது போதும் என்றேன். போதாது என்றார். ஒரு துண்டு வாங்கி, கேப்பை தூவிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று இறங்கும்போது ஒத்துக்கொண்டோம்.